தங்கையின் கெண்டைக்கால்

எனக்கும் என் தங்கைக்கும் வயதில் மூன்று ஆண்டு வித்தியாசம். மாரத்தானில் ஒரு மணி ஏழு நிமிட வித்தியாசம். 42.195 கிலோமீட்டரை அவள் 4 மணி 5 நிமிடத்தில் ஓடி முடித்து, முகம் கழுவி, பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டு, கைபேசியில் பாதி மின்சாரத்தைத் தீர்த்த பிறகுதான் நான் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்கிறேன். இதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. அதனால் சொல்லவில்லை.

இருவரும் ஒரே நாளில்தான் ஓடத் தொடங்கினோம். அதே கடற்கரைச் சாலை, அதே விடிகாலை நாலரை மணி, அதே பயிற்சி அட்டவணை. முதல் நான்கு மாதத்திலேயே அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடப் பழகிவிட்டேன்.

சென்ற ஆண்டு என் பிறந்தநாளுக்கு அவள் ஒரு விளையாட்டுச் செய்தாள். மரபணுச் சோதனைப் பெட்டிகள் இரண்டு வாங்கினாள், எனக்கொன்று, அவளுக்கொன்று. குழாயில் எச்சிலைத் துப்பி, மூடி அனுப்ப வேண்டும். ஆறு வாரம் கழித்து முப்பது பக்கத்தில் வழவழப்பான அறிக்கை வந்தது. எனக்குப் பச்சை நிறத்தில் ஒரு பட்டை: ‘தாங்குதிறன் வகை. நீண்ட தூர ஓட்டம் உங்கள் தசைகளுக்கு இயல்பானது.’ அவளுக்குச் சிவப்பில்: ‘வேகமும் விசையும். குறுந்தூர ஓட்டம், பளு தூக்குதல் பரிந்துரைக்கப்படுகின்றன.’

தொலைபேசியில் அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். “அக்கா, நீ பிறவியிலேயே மாரத்தான்காரி. இது அறிவியல்” என்றாள்.

இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள் நான். விட்டுவிட முடியுமா? அந்தப் பச்சைப் பட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டத் தொடங்கினேன். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஒரு மரபணுவின் தலையில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் ஏசிடிஎன்3.

மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது கோழிக்குழம்பிலிருந்துதான் தொடங்குவேன். நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும், தொடைக்கறி கறுத்திருக்கும். நாள் முழுக்க நடக்கும் காலில் உயிர்வளியைப் பிடித்து வைக்கும் சிவப்புப் புரதம் நிறைய. எப்போதாவது படபடவென்று சிறகடிக்கும் நெஞ்சில் அது குறைவு. நம் தசையில் இரண்டு வகை நார்களும் கலந்தே கிடக்கின்றன. மெதுவாகச் சுருங்கும் நார்கள் கொழுப்பையும் சர்க்கரையையும் உயிர்வளியோடு சேர்த்து நிதானமாக எரிக்கும், களைக்க நேரமாகும். விரைந்து சுருங்கும் நார்கள் சேமித்த சர்க்கரையை அவசரமாகக் கரைத்து ஒரே மூச்சில் விசையைக் கொட்டும், சீக்கிரம் ஓய்ந்துபோகும்.

ஒவ்வொரு நாருக்குள்ளும் ஆயிரக்கணக்கான சிறு சுருங்கும் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையை இசட் கோடு என்பார்கள். இருபுறமிருந்தும் வரும் ஆக்டின் என்ற புரத இழைகளை அந்த இடத்தில் தையல் போட்டுப் பிணைத்து வைக்கும் புரதம் ஆல்ஃபா ஆக்டினின். அதில் இரண்டாம் எண் வகை எல்லாத் தசை நார்களிலும் உண்டு. மூன்றாம் எண் வகை விரைந்து சுருங்கும் நார்களில் மட்டும் கூடுதல் தையலாக வருகிறது. ஏசிடிஎன்3 என்பது இந்த மூன்றாம் வகைக்கான செய்முறைக் குறிப்பு. 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

அந்தக் குறிப்பில் 577-ஆவது இடம் வரும்போது சிலருக்கு ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சேர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நிறுத்து’ என்று இருக்கிறது. செல் அங்கேயே நிறுத்திவிடுகிறது; புரதம் உருவாவதில்லை. சரியான பிரதியை ஆர் என்றும், நின்றுபோன பிரதியை எக்ஸ் என்றும் குறிக்கிறார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டுமே எக்ஸ் ஆனால் உடலில் ஒரு துளிகூட ஆல்ஃபா ஆக்டினின் 3 கிடையாது. நான் எக்ஸ்-எக்ஸ். தங்கை ஆர்-ஆர்.

1990-களில் சிட்னியில் கேத்ரின் நார்த்தும் அவருடைய குழுவினரும் தசைநோய் உள்ளவர்களின் தசைத் துணுக்குகளை ஆராய்ந்தபோதுதான் இந்தப் புரதம் சிலரிடம் அறவே இல்லை என்று கண்டார்கள். நோயின் காரணம் சிக்கிவிட்டது என்று எவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் எந்த நோயும் இல்லாத மக்களிடமும் அதே வெற்றிடம் இருந்தது. 1999-இல் அதை வெளியிட்டார்கள். உலகில் ஏறக்குறைய நூறு கோடிப் பேருக்கு மேல் இந்தப் புரதம் இல்லாமலே நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். இரண்டாம் எண் புரதம் மூன்றாவதின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது.

இந்த இடத்தில் நான் அறிக்கையை மூடிவைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன். வகுப்பில் பட்டாணிச் செடிக்குப் போடும் நான்கு கட்டச் சதுரம். ஒரு பெண் எக்ஸ்-எக்ஸ், உடன்பிறந்தவள் ஆர்-ஆர் என்றால் பெற்றோர் இருவருமே ஆர்-எக்ஸாகத்தான் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. அம்மாவின் எச்சிலை யாரும் கேட்கவில்லை. அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தபால்காரராக முப்பத்தொரு ஆண்டுகள் சைக்கிள் மிதித்த மனிதரின் தசையில் எழுதியிருந்த இரண்டு எழுத்துகளை, அவர் போன பிறகு, சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எத்தனையோ முறை போட்ட சதுரம்தான்.

சரி, எக்ஸ்-எக்ஸ் எப்படித் ‘தாங்குதிறன் வகை’ ஆயிற்று? 2003-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றிலிருந்துதான். சாதாரண மக்கள் 436 பேரில் 18 விழுக்காட்டினர் எக்ஸ்-எக்ஸ். விரைவும் விசையும் வேண்டும் விளையாட்டுகளின் உயர்நிலை வீரர்கள் 107 பேரில் 6 விழுக்காடுதான். அவர்களில் ஒலிம்பிக் வரை போனவர்களில் ஒருவர்கூட இல்லை. நீண்ட நேர விளையாட்டு வீரர்கள் 194 பேரில் 24 விழுக்காடு.

முதல் வித்தியாசம் கண்ணைக் குத்துகிறது. பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளிலும் அது ஓரளவு தாக்குப்பிடித்தது. அதிலும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 8 மீட்டருக்கு மேல் தாண்டிய ஸ்பெயின் நாட்டு ஒலிம்பிக் நீளம் தாண்டுதல் வீரர் ஒருவர் எக்ஸ்-எக்ஸ் என்று 2007-இல் தெரியவந்தது. இரண்டாவது வித்தியாசம், அதாவது என் பச்சைப் பட்டைக்கு ஆதாரமானது, 18-க்கும் 24-க்கும் இடையில் இருக்கிறது. அந்த நீண்ட தூர வீரர்கள் நூறு பேரை நிறுத்தினால் எழுபத்தாறு பேர் என்னைப் போல இல்லை. பிற்பாடு வேறு நாடுகளில் தேடியபோது இந்தச் சின்ன வித்தியாசமும் பல இடங்களில் கைநழுவிப் போயிற்று. வேகத்தில்கூட அதன் பங்கு எவ்வளவு? கிரேக்கப் பதின்வயதுப் பையன்களின் 40 மீட்டர் ஓட்டத்தை அளந்தவர்கள், அவர்களுக்கிடையிலான நேர வேறுபாட்டில் 2.3 விழுக்காட்டை மட்டும் இந்த மரபணுவின் கணக்கில் எழுதினார்கள். மிச்சம் 97.7-ஐப் பற்றி என் அறிக்கையில் ஒரு வரி இல்லை.

எலிகள் மட்டும் என் பக்கம் நின்றன. நார்த்தின் குழு அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கி 2007-இல் ஓடவிட்டது. சாதாரண எலிகளைவிட அவை 33 விழுக்காடு அதிக தூரம் ஓடின. பிடிவலிமை சற்றே குறைந்தது. விரைந்து சுருங்கும் நார்கள் மெதுநார்களாக மாறிவிடவில்லை. பெயரும் இடமும் அப்படியே இருக்க, எரிபொருள் பழக்கம்தான் மாறியது: சர்க்கரையை அவசரமாகக் கரைப்பதைக் குறைத்து, உயிர்வளியோடு நிதானமாக எரிக்கும் பக்கம் சாய்ந்தன. பெட்ரோல் வண்டியை எரிவாயுவுக்கு மாற்றிக்கொள்வதைப் போல. வண்டி அதே வண்டிதான்.

ஒரு மரபணுவை இழப்பதால் ஓட்டம் கூடுவது இது ஒன்றில் மட்டுமல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த அஜித் வர்க்கி, சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருவது சிஎம்ஏஎச் என்ற மரபணுவை. இருபது, முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நம் முன்னோர் அதை இழந்துவிட்டார்கள். சிம்பன்சிகளிடம் இன்னும் இருக்கிறது. அதை நீக்கிய எலிகள் களைப்பைத் தாங்கிக் கூடுதல் தூரம் ஓடின என்று 2018-இல் அவருடைய குழு காட்டியது. இந்த இழப்பு மனிதர் எல்லோருக்கும் பொது. ஆகவே என் தங்கையைப் பிடிக்க எனக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து நான் படித்தது என் பச்சைப் பட்டையைக் கிழித்தே போட்டது. நீண்ட தூர ஓட்டம் என்றால் கென்யா. மாரத்தானை 2 மணி 35 நொடியில் 2023 அக்டோபரில் சிகாகோவில் ஓடிய கெல்வின் கிப்டம் பிறந்த மண், இரண்டு மணிக்குள் ஓட முடியும் என்று 2019-இல் வியன்னாவில் காட்டிய எலியுட் கிப்சோகேயின் மண். தாங்குதிறனுக்கு எக்ஸ்-எக்ஸ் வேண்டும் என்றால் அங்கே அது கொட்டிக்கிடக்க வேண்டும் அல்லவா? கிளாஸ்கோவிலிருந்து யானிஸ் பிட்சிலாடிஸும் மற்றவர்களும் சேர்ந்து அங்கே போய்ப் பார்த்தார்கள். கென்யர்களில் எக்ஸ்-எக்ஸ் நூற்றுக்கு ஒருவர்தான். ஓட்டக்காரர்களிலும் அதே கதை. எத்தியோப்பியாவில் பத்தில் ஒருவர் அளவில் உண்டு, ஆனால் அங்கும் சிறந்த ஓட்டக்காரர்களிடம் கூடுதலாக இல்லை. உலகத்திலேயே நன்றாகத் தொலைதூரம் ஓடுகிறவர்களிடம் ஏறக்குறைய இல்லாத ஒன்றைத்தான் ‘தொலைதூர ஓட்டத்துக்குப் பிறந்தவர்’ என்று எனக்கு விற்றிருக்கிறார்கள். அதுவும் ஜிஎஸ்டியோடு.

அப்படியானால் இந்த எக்ஸ் எதற்காக இவ்வளவு பேரிடம் பரவியது? மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டு வடக்கே போகப் போக அது கூடிக்கொண்டே போகிறது. 2021-இல் லிதுவேனியாவில் ஆண்களை 14 டிகிரி குளிர்நீரில், இடையிடையே வெளியே எடுத்து, மொத்தம் இரண்டு மணி நேரம்வரை உட்கார வைத்தார்கள். உடல் வெப்பத்தை 35.5 டிகிரிக்குக் கீழே விடாமல் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் எக்ஸ்-எக்ஸ் ஆட்களில் 69 விழுக்காடு, ஆர்-ஆர் ஆட்களில் 30. உடம்பை வெடவெடவென்று நடுக்கிச் சூடேற்றுவதற்குப் பதிலாக, அவர்களுடைய தசை மெல்லிய இறுக்கத்தில் நின்றே சூட்டைக் காத்ததாம். பனிக்காலத்தைக் கடந்து உயிர் பிழைக்க உதவிய மாற்றமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சென்னையில், மே மாதத்தில், காலை ஆறு மணிக்கே வேர்வை காலணிக்குள் சொதசொதக்கும் ஒருத்திக்கு இப்படியொரு திறமை.

ஒற்றை மரபணு ஆளைத் தூக்கிவிடவே முடியாது என்று சொல்லவில்லை. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மேன்டிரான்டா 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இரண்டு தனிநபர் தங்கம் வென்றவர். அவருடைய ரத்தத்தில் சிவப்பணு அளவுக்கு மீறி இருந்ததால் ஊக்கமருந்துச் சந்தேகம் வெகுநாள் சுற்றிவந்தது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஏற்பியின் மரபணுவில் பிறவி மாற்றம் இருப்பது 1993-இல் வெளியானது. குடும்பத்தில் 29 பேரிடம் அது இருந்தது. ஆனால் அது ரத்தத்தின் கதை, அதுவும் ஒரு குடும்பத்தின் கதை. என்னையும் தங்கையையும் விளக்க இப்படி ஓர் ஒற்றைச் சாவி இல்லை.

எங்களை விளக்குவதற்குக் கிட்டே வரும் ஆய்வு வேறொன்று. கிளாட் பூஷார் முன்னின்று 1990-களில் நடத்திய ஹெரிட்டேஜ் குடும்ப ஆய்வு. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத குடும்பங்களை, பெற்றோரும் பிள்ளைகளுமாக, 20 வாரம் நிலைசைக்கிள் மிதிக்க வைத்தார்கள். எல்லோருக்கும் அளந்து கொடுத்த அதே பயிற்சி. உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உயிர்வளியின் உச்ச அளவு சராசரியாக ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் கூடியது. சராசரிக்குப் பின்னால்தான் விஷயம் இருக்கிறது. சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஏறியது. சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஏறவில்லை. ஒரே குடும்பத்துக்குள் இருந்த வேறுபாட்டைவிட, குடும்பத்துக்குக் குடும்பம் இருந்த வேறுபாடு இரண்டரை மடங்கு. பயிற்சிக்கு உடல் எவ்வளவு இணங்குகிறது என்பதில் பாதிக்குச் சற்றுக் குறைய, 47 விழுக்காடு வரை, குடும்பவழி வருகிறது என்று கணக்கிட்டார்கள்.

நான் ஓடத் தொடங்கிய நான்கு மாதங்கள் இதைப் படித்தபோதுதான் புரிந்தது. ஒரே அட்டவணை. அவளுடைய மூச்சு வாரத்துக்கு வாரம் நீண்டது. என்னுடையது அப்படியே நின்றது. சோம்பல் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவர்கள் ஒரு குடும்பம்தானே என்று கேட்கலாம். சராசரியாகப் பாதி மரபணு வேறுபாடுகளைத்தான் பகிர்கிறோம்; ஆர்-எக்ஸ் பெற்றோருக்கு ஆர்-ஆரும் எக்ஸ்-எக்ஸும் பிறந்த அதே சீட்டுக் குலுக்கல் இன்னும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்திருக்கிறது.

இதில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி 2017-இல் ஜூரிக்கிலிருந்து வந்தது. பயிற்சிக்கு இணங்காதவர்கள் என்று ஒதுங்கி நின்றவர்களுக்கு வாரத்தில் இன்னும் இரண்டு நாள் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்குமே ஏறியது. நானும் மூன்று நாளை ஐந்து நாளாக்கினேன். 5 மணி 40 நிமிடம் 5 மணி 12 நிமிடமானது அப்படித்தான். அவள் மூன்று நாளோடு நிறுத்திக்கொண்டு மீதி நாளில் தூங்குகிறாள்.

மறுபடியும் கென்யாவுக்கு வருகிறேன், ஏனென்றால் விடை தசைநாருக்குள் இல்லாவிட்டால் வேறெங்கே என்று அங்கே தேடியவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் பெங்ட் சால்டின் 1990-களின் தொடக்கத்தில் கென்யாவின் கலெஞ்சின் இன ஓட்டக்காரர்களையும் ஸ்காண்டிநேவிய ஓட்டக்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தால் மெதுநார்களின் பங்கு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. உயிர்வளி உச்ச அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே வேகத்தில் ஓடும்போது கென்யர்கள் குறைந்த உயிர்வளியைச் செலவிட்டார்கள். பிறகு கோபன்ஹேகனிலிருந்து போனவர்கள் கெண்டைக்காலைப் பார்த்தார்கள். நீண்ட கால், முழங்காலுக்குக் கீழே ஒல்லியாக, சதை மேலே ஒதுங்கியபடி.

மாங்காய் பறிக்கும் துறட்டியைப் பிடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கைப்பக்கம் அரைக்கிலோ கூடுதலாக இருந்தால் தெரியாது. நுனியில் ஒரு மாங்காய் சிக்கினாலே கை வலிக்கும். கால் என்பது இடுப்பில் மாட்டிய துறட்டி. நுனியில் இருக்கும் எடையை ஒவ்வொரு அடிக்கும் முன்னே வீசி நிறுத்தி, மறுபடி வீச வேண்டும். காலணி ஒன்றுக்கு 100 கிராம் கூடினால் ஓட்டத்தின் உயிர்வளிச் செலவு சுமார் 1 விழுக்காடு ஏறும் என்பது ஓட்டக்காரர்களுக்குப் பழக்கமான கணக்கு. ஒரு மாரத்தானில் நாற்பதாயிரம் அடிகள் போல வரும். கழற்றி வைக்க முடியாத காலணியாகக் கெண்டைச்சதையே இருந்தால்?

இது மட்டும்தான் கென்யாவின் ரகசியம் என்று நான் சொல்ல வரவில்லை. கென்ய ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் இடென் ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அந்த உயரத்தில் ஓடித்தான் வளர்கிறார்கள். ஓட்டம் அங்கே பிழைப்பு. காலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபணு இதுதான் என்று சுட்டிக்காட்டவும் முடியாது. ஆளின் உயரத்தைப் போல, எத்தனையோ இடத்துச் சிறு மரபணு மாற்றங்களும் சாப்பாடும் சேர்ந்து வரைகிற கோடு அது. எந்த எச்சில் குழாயிலும் அடங்காது. வீட்டுக்கு வரும் இப்படிப்பட்ட சோதனைகளைக் கொண்டு விளையாட்டுத் திறமையைக் கண்டறியவோ பயிற்சியைத் தீர்மானிக்கவோ இடமில்லை என்று இத்துறை அறிஞர்கள் 2015-இலேயே கூட்டறிக்கை விட்டிருந்தார்கள். பெட்டி வாங்கும் முன் நாங்கள்தான் படிக்கவில்லை.

போன பொங்கலுக்கு அம்மா வீட்டில் கூடியிருந்தோம். தையல் மிஷின் மேசையறையிலிருந்து அம்மாவின் அளவு நாடாவை எடுத்து, தங்கையைத் திண்ணையில் உட்கார வைத்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்தேன். 31 சென்டிமீட்டர். என்னுடையது 38. இருவருக்கும் உயரம் ஒன்று. எடையில் நான் மூன்று கிலோ கூட. அவள் நாடாவைப் பிடுங்கி என் காலை மறுபடி அளந்தாள். 38தான்.

அம்மா கரும்பை வெட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது பக்க அறிக்கை, ஆர், எக்ஸ், கென்யா எல்லாவற்றையும் சுருக்கிச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, “அவளுக்கு என் அம்மாவின் கால். உனக்கு அப்பா கால்” என்றாள்.

அப்பாவின் கால் எனக்கு நினைவிருக்கிறது. காக்கிக் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுச் சைக்கிளைக் கழுவும்போது, உருண்டு திரண்டு, மரப்பாச்சிக்குக் கடைந்ததுபோல் நிற்கும் சதை. முப்பத்தொரு ஆண்டு மிதித்து வந்த கால் அல்லவா அம்மா அது, பிறவியில் வந்தது என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன்.

“பெண் பார்க்க வந்த அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்” என்றாள் அம்மா. “அப்போது அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.”